பழைய வெள்ளி ரூபாயில் ஐயம் எழுந்தால்: அறிகுறி வாரியாகச் சோதித்துத் தெளியும் வழிமுறை

பீரோவின் அடித்தட்டிலிருந்தோ, நாணயக் கண்காட்சியிலிருந்தோ, இணைய ஏலத்திலிருந்தோ ஒரு பழைய வெள்ளி ரூபாய் கைக்கு வந்ததும், அது உண்மையானதுதானா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை தேடும் அவசரத்தில் விளிம்பை அரத்தால் தேய்ப்பதும், அமிலத் துளி விடுவதும், கருங்கல்லில் சுண்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டதால், போலியை அடையாளம் காண்பதற்குப் பதிலாக நல்ல நாணயங்களே பாழாகின்றன. இந்த வழிமுறையில் நாணயத்துக்குச் சேதம் விளைவிக்கும் சோதனை எதுவும் இல்லை. ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் குற்றமற்ற காரணம் ஏதேனும் உண்டா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே போலி என்ற முடிவை நோக்கி நகர்கிறோம்.

இங்கே பேசப்படுவது பெரும்பாலும் 1835 முதல் 1945 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்களைப் பற்றியே. அதற்கு முந்தைய ஆற்காட்டு ரூபாய், சென்னை மாகாணத்து வராகன் போன்றவற்றுக்கு எடையும் மாற்றும் வேறு. அவற்றை இந்த அளவுகளால் எடைபோடக் கூடாது.

சோதனைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, விட்டம் அளக்கும் காலிப்பர், நல்ல காந்தம், ஒரு சிறு கண்ணாடிக் குவளை, மெல்லிய நூல் ஆகியவை போதும். தராசை ஒவ்வொரு முறையும் அதனுடன் வரும் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்கலம் தீரும் நிலையில் உள்ள தராசு காட்டும் எடையை நம்பி நல்ல ரூபாயைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் சிலவே. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஆக நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், வெள்ளி இரண்டணா 1.46 கிராம். ரூபாயின் விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்களில் எடை அதுவே. ஆனால் வெள்ளி பாதிதான். மீதியில் 40 பங்கு செம்பும், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்குமாக இருக்கும். இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் இருத்திக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: எடை குறைகிறது

நாணயம் தேய்ந்ததா என்பதை முதலில் பாருங்கள். அரசியின் கூந்தல் இழைகளோ அரசரின் தாடி வரிகளோ மழுங்கி, எழுத்துகள் மட்டும் தெரியும் அளவுக்குக் கைமாறிய ரூபாய் 11.3 அல்லது 11.4 கிராம் நிற்பதில் வியப்பில்லை. ஆனால் உருவமும் எழுத்தும் கூர்மையாக, புதுக்காசு போலத் தோன்றியும் எடை 11 கிராமுக்குக் கீழே இறங்கினால், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தேய்மானம் தெரியாத இடத்தில் எடைக்குறைவுக்கு இடமில்லை.

அடுத்து விளிம்பைச் சுற்றிலும் உருப்பெருக்கியில் பாருங்கள். நம் வீடுகளில் வெள்ளி ரூபாய்க்கு வளையம் வைத்து அரைஞாணிலும் மாலையிலும் கோத்து அணிவது நெடுநாள் பழக்கம். பின்னாளில் வளையத்தை அறுத்துவிட்டு, பற்றவைத்த இடத்தை அரத்தால் ராவிச் சமப்படுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட நாணயத்தில் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நிலையில், அதாவது தலைக்கு நேர் மேலே, விளிம்பு வரிகள் ஒரு சிறு தூரத்துக்கு அழிந்திருக்கும். அருகில் பற்றுவைத்த உலோகம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ கசிந்து தெரியும். நாணயம் உண்மையானதே, ஆனால் சேகரிப்பாளருக்கு அதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். விற்பவர் இதைச் சொல்லாமல் விற்றால் தவறு அவருடையது. பார்க்காமல் வாங்கினால் இழப்பு நம்முடையது.

எடை கூடுதலாக இருந்தால் கதை வேறு. தேய்மானம் எடையைக் கூட்டாது. 11.8 அல்லது 12 கிராம் காட்டும் ரூபாயில் பற்றுவைத்த உலோகமோ, அடர்த்தியான அழுக்கோ ஒட்டியிருக்கவில்லை என்றால் அதை நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அறிகுறி: எடையும் விட்டமும் சரி, ஆனாலும் வெள்ளியா என்று உறுதியில்லை

இதற்கு நீரில் அமிழ்த்தி அடர்த்தி காண்பதே என் கணிப்பில் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் மிகச் சிறந்தது. உரைகல்லும் அமிலமும் மேற்பரப்பை மட்டுமே சொல்லும். அடர்த்தியோ நாணயத்தின் உள்ளும் புறமுமாக முழு உடலையும் சொல்லும். எந்த வடுவும் விடாது.

முதலில் உலர்ந்த நாணயத்தை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் நீர் நிரம்பிய குவளையை வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அது முழுவதும் நீரில் மூழ்கும்படி, ஆனால் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி கையால் தொங்கவிடுங்கள். எழுத்துகளின் ஓரங்களில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல அசைத்து விடுவியுங்கள்; நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் கலந்தால் குமிழி எளிதில் விலகும். இப்போது தராசு காட்டும் எண்தான் நாணயத்தின் கன அளவு. முதலில் குறித்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

ஒரு ரூபாய் 11.60 கிராம் நிற்கிறது, நீரில் தொங்கும்போது தராசு 1.12 காட்டுகிறது என்று வையுங்கள். வகுத்தால் 10.36. நூற்றுக்கு 91.7 வெள்ளிக்கு எதிர்பார்க்க வேண்டியது ஏறத்தாழ 10.3; ஆகவே நாணயம் தேறுகிறது. அதே எடையுள்ள நாணயம் நீரில் 1.30-க்கு மேல் காட்டினால் அடர்த்தி 8.9 அளவுக்கு இறங்கிவிடும். அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், அல்லது வெள்ளி முலாம் பூசிய செம்பு. 1940-களின் பாதி வெள்ளி ரூபாய்க்கு 9.5-ஐ ஒட்டி வர வேண்டும். 1943-ஆம் ஆண்டு ரூபாயில் 9.5 வந்ததைப் பார்த்து அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அந்த ஆண்டுக்கு 10.3 வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தராசின் கடைசி இலக்கத்தில் ஏற்படும் ஒரு சிறு பிசகு ரூபாயின் அடர்த்தியை ஏறத்தாழ 0.1 அளவே மாற்றும் என்பதால் ரூபாய்க்கு இது நம்பகமானது. கால் ரூபாய்க்கு அதே பிசகு ஏறத்தாழ 0.4 வரை தள்ளிவிடும். இரண்டணாவுக்கு இன்னும் மோசம். சிறு காசுகளுக்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும், அல்லது பலமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, இரண்டையும் அளவறிந்து கலந்தால் 10.3 வந்துவிடும். அப்படிப்பட்ட காசு மென்மையாக இருக்கும், ஓசையும் எழுப்பாது. அதனால்தான் ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவு கட்டாமல், வேறு வேறு பண்புகளைத் தொடும் இரண்டு மூன்று சோதனைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: காந்தத்தில் ஒட்டுகிறது

ஆண்டு 1947 என்றும், பின்பக்கத்தில் புலி உருவம் இருப்பதாகவும் தெரிந்தால் கலங்க வேண்டாம். அந்த ரூபாய் தூய நிக்கலில் அச்சிடப்பட்டது. நிக்கல் காந்தத்தில் ஒட்டும். 1946, 1947-ஆம் ஆண்டுகளின் அரை ரூபாயும் கால் ரூபாயும் அவ்வாறே நிக்கல் காசுகள். அவை உண்மையான நாணயங்களே, வெள்ளி நாணயங்கள் அல்ல. இவற்றை வெள்ளி என்று சொல்லி விற்பவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள். 1945 வரையிலான ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை.

ஒட்டாததால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம், துத்தநாகம் எதுவுமே ஒட்டாது. வலுவான நியோடிமியம் காந்தம் கிடைத்தால், நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் சிறு காந்தத்தை வழுக்க விடுங்கள். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால், நகரும் காந்தம் அதில் மின்சுழலை உண்டாக்கித் தானே தடைபட்டு மெதுவாக இறங்கும். செம்பிலும் ஏறத்தாழ இதே விளைவு தெரியும் என்பதால் முலாம் பூசிய செம்புக் காசை இச்சோதனை காட்டிக்கொடுக்காது. நிக்கல் கலந்த 1940-களின் ரூபாயில் காந்தம் விரைவாகவே சறுக்கும், அது குறையன்று.

அறிகுறி: சுண்டினால் ஓசை மந்தமாக இருக்கிறது

நாணயத்தைத் தரையில் போட வேண்டாம். விரல் நுனியில் சமநிலையாக நிறுத்தி, மரப்பென்சிலால் விளிம்பை மெல்லத் தட்டினாலே போதும். நல்ல வெள்ளி ரூபாய் கணீரென்று ஒலித்து, ஓசை சில நொடிகள் நீண்டு அடங்கும். ஈயம் கலந்த வார்ப்புக் காசு 'டொக்' என்று அப்போதே நின்றுவிடும்.

மந்தமான ஓசைக்கு நேர்மையான காரணமும் இருக்கிறது. அச்சிடும்போதோ பின்னரோ ஏற்பட்ட மயிரிழை விரிசல், வளையம் பற்றவைத்த தழும்பு, தகட்டுக்குள் சிக்கிய காற்று இவற்றில் எது இருந்தாலும் உண்மையான ரூபாயும் ஊமையாகிவிடும். எனவே ஓசை கெட்டால் அடர்த்தியைப் பாருங்கள். அடர்த்தி சரியாக இருந்தால் உருப்பெருக்கியில் விரிசலைத் தேடுங்கள்.

அறிகுறி: விளிம்பில் கோடு, மேற்பரப்பில் குழி அல்லது பரு

இந்த இடத்தில்தான் பொறுமையாகப் பார்ப்பவருக்குப் பயன் மிகுதி. உண்மையான ரூபாய் இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வெற்றுத் தகட்டை வைத்து அழுத்தி உருவாக்கப்பட்டது. அழுத்தத்தில் உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுவதால், தேயாத நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி ஆரக்கால் போலச் சுற்றி வரும். எழுத்துகளின் பக்கச் சுவர்கள் செங்குத்தாக எழுந்து, தளத்தைத் தொடும் இடத்தில் கூர்மையான கோணம் தெரியும். வார்ப்புக் காசில் அந்த ஒளியோட்டம் வராது. எழுத்துகள் தளத்தோடு குழைந்து கரைந்ததுபோல் இணையும். தளத்தில் ஊசிமுனை அளவான குழிகள் சிதறிக்கிடக்கும், எழுத்துகளின் மூலைகளில் சிறு பருக்கள் ஒட்டியிருக்கும்.

விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பாதி வார்ப்புகளைச் சேர்த்த காசில் விளிம்பின் நடுவே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதை அரத்தால் தேய்த்து மறைத்திருந்தால் விளிம்பு வரிகள் சீரில்லாமல், சில இடங்களில் சாய்ந்தும் சில இடங்களில் நெருங்கியும் இருக்கும். உண்மையான ரூபாயில் வரிகள் ஒரே இடைவெளியில், நாணயத்தின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்.

இங்கே ஒரு விலக்கு. 1940-களின் பாதி வெள்ளி ரூபாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பு விளிம்பு உண்டு: விளிம்பு வரிகளின் நடுவே ஒரு பள்ளம் ஓடி, அதற்குள் சிறு வேலைப்பாடு தொடர்ச்சியாகத் தெரியும். கள்ள நாணயத்தைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்ட இந்தப் பள்ளத்தை வார்ப்புத் தையல் என்று எண்ணி நாணயத்தைத் திருப்பிக் கொடுப்போர் இருக்கிறார்கள். பள்ளத்துக்குள் வேலைப்பாடு சீராகத் தெரிந்தால் அது நாணயச்சாலையின் கைவேலை. வெறும் ஒழுங்கற்ற கோடு மட்டும் தெரிந்தால் ஐயத்துக்குரியது.

அறிகுறி: நிறம் சரியில்லை

தேய்ந்த உயரமான பகுதிகளில், அதாவது கன்னம், மூக்கு, தோள், காதின் மேல் மடல் ஆகிய இடங்களில், செம்பு நிறம் தெளிவாக எட்டிப்பார்த்தால் முலாம் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் 1940 முதல் 1945 வரையிலான ரூபாய் தேயத் தேய லேசான மஞ்சள் பூத்துப் பித்தளை போலத் தோன்றுவது அதன் உலோகக் கலவைக்கு இயல்பு. ஆண்டைப் பார்க்காமல் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கருமையும் நீலமும் பழுப்பும் கலந்த படலம் காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வருகிறது. பல ஆண்டுகளில் படிந்த படலம் எழுத்துகளுக்கிடையே அடர்ந்து, உயரங்களில் மெலிந்து, நிறம் விட்டு நிறம் படிப்படியாக மாறும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுத்து, விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும் படலம் அவசரத்தில் ஏற்றப்பட்டது. பச்சை நிறக் களிம்பு செம்பிலிருந்து வருவது; 91.7 வெள்ளியிலும் செம்பு இருப்பதால் ஈரத்தில் கிடந்த நாணயத்தில் சிறிதளவு களிம்பு பூப்பது போலிக்கு அடையாளம் அன்று. பசைபோல் பிசுபிசுக்கும் பச்சையாக இருந்தால், அது மலிவான பி.வி.சி. உறையிலிருந்து கசிந்தது. அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து எடுத்தால் போகும்; நெருப்பு அருகில் இருக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். பிறகு பாலியெஸ்டர் உறைக்கு மாற்றிவிடுங்கள்.

நாணயம் பளீரென்று வெளுத்து, தளமெங்கும் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால், புளியோ விபூதியோ பற்பசையோ போட்டு யாரோ தேய்த்திருக்கிறார்கள். இது போலியின் அறிகுறி அன்று. நல்ல நாணயத்துக்கு நேர்ந்த கேடு. தேய்த்து அழித்த மேற்பரப்பை எவராலும் மீட்க முடியாது. குத்துவிளக்குத் துலக்கும் பழக்கத்தை நாணயத்திடம் கொண்டுவராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. மண்ணோ எண்ணெயோ படிந்திருந்தால் வாலைவடிநீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்; தேய்க்க வேண்டாம்.

அறிகுறி: ஆண்டும் உருவமும் எழுத்தும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் தாங்கிய சீரான வெள்ளி ரூபாயில் இரண்டே ஆண்டுகள்தான் காணப்படும்: நான்காம் வில்லியம் உருவத்துடன் 1835, விக்டோரியா உருவத்துடன் 1840. 1840 என்ற ஆண்டே பின்னரும் தொடர்ந்து அச்சிடப்பட்டது. 1862 முதல் கம்பெனியின் பெயர் மறைந்து இந்தியா என்ற பெயர் வந்தது. 'விக்டோரியா குயின்' என்று எழுதப்பட்டது. 1877 முதல் அதுவே 'விக்டோரியா எம்ப்ரஸ்' ஆயிற்று. ஆக 1880 என்ற ஆண்டுடன் 'குயின்' என்றோ, 1862 என்ற ஆண்டுடன் 'எம்ப்ரஸ்' என்றோ இருக்கும் ரூபாய் எந்த நாணயச்சாலையிலும் பிறக்கவில்லை. 1903 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்டு, முடியில்லாத தலையுடன் இருப்பார்; அடுத்து வந்த ஜார்ஜ் மன்னர்கள் முடி சூடியிருப்பார்கள்.

1862 என்று பொறித்த ரூபாயில் பின்பக்கத்தில் சிறு புள்ளிகள் இருப்பதைப் பார்த்து ஐயுறுகிறவர்கள் உண்டு. 1874 வரை அதே 1862 என்ற ஆண்டுடன் அச்சிட்டு வந்ததால், பம்பாய் நாணயச்சாலை உண்மையான ஆண்டைக் குறிக்கப் புள்ளிகளைப் பயன்படுத்தியது. புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்து இதைத் தனிச் சேகரிப்பாகவே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

1911-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அரசரின் மேலங்கியில் உள்ள யானை, தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றிபோலத் தோன்றியது. எதிர்ப்பு எழவே நாணயம் திரும்பப் பெறப்பட்டு, 1912 முதல் யானை திருத்தி வரையப்பட்டது. ஆகவே 1911 என்று ஆண்டு இருந்தும் யானையின் தும்பிக்கை நீண்டு தெளிவாகத் தெரிந்தால், ஆண்டு இலக்கத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஆற்காட்டு ரூபாயில் இந்த அளவுகோல் செல்லாது. கம்பெனி, முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் ஆறாம் ஆட்சியாண்டையும் அவர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் மாற்றாமல் அச்சிட்டு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட ஆற்காட்டு ரூபாயைப் பிறை அடையாளம் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: கம்பெனி நாணயத்தில் கடவுள் உருவம்

ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், ஆண்டு 1616, 1717, 1818 அல்லது 1839 என்றிருந்தால் அது நாணயமே அன்று. பெரும்பாலும் செம்பிலோ பித்தளையிலோ செய்து, சிலவேளை வெள்ளி முலாம் பூசி விற்கப்படும் பிற்காலக் கற்பனைப் பொருள். பூசையில் வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். நாணயத்தின் விலை கொடுக்கக் கூடாது. அரிசியை இழுக்கும் என்று சொல்லி இவற்றை இலட்சக்கணக்கில் விலைபேசும் கும்பல்களும் உண்டு. அரிசியை இழுக்கும் நாணயம் என்று ஒன்று உலகில் கிடையாது. அப்படிப் பேச்செடுத்த உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆயினும் கடவுள் உருவம் இருப்பதாலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்காக அச்சிடப்பட்ட வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒருபுறம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரமும், மறுபுறம் திருமாலும் இருக்கிறார்கள். மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். தமிழ் எழுத்து தாங்கிய அந்த அழகிய வெள்ளிக் காசைக் கோயில் காசு என்று நினைத்து உருக்கக் கொடுத்தவர்களுக்காக வருந்தத்தான் முடியும்.

அறிகுறி: முகப்பில் குத்து அடையாளங்கள், வெட்டுகள்

பழைய ஆற்காட்டு ரூபாய்களில் சிறு வட்டம், பூ, எழுத்து வடிவில் ஆழமான குத்துகள் தெரிந்தால் அவை சராப்புகள், அதாவது நாணயம் மாற்றும் வணிகர்கள், வெள்ளியின் மாற்றைச் சோதித்து இட்ட முத்திரைகள். உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று அறியவே அக்காலத்தில் குத்திப் பார்த்தார்கள். குத்தின் அடியிலும் வெள்ளி நிறமே தெரிந்தால், உங்களுக்கு முன்பே ஒருவர் சோதனையை முடித்துவிட்டார்.

அறிகுறி: ஆண்டின் ஓர் இலக்கமோ நாணயச்சாலை அடையாளமோ வேறுபட்டுத் தெரிகிறது

அரிதான ஆண்டுகளுக்குக் கொடுக்கும் விலைதான் இந்தத் திருட்டுக்குக் காரணம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது. அதனால் 1938-இன் 8-ஐச் சுரண்டி 9 ஆக்குவார்கள். உருப்பெருக்கியில் அந்த இலக்கத்தை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள தளத்தைப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் தளம் சற்றே தாழ்ந்து, அங்கே மட்டும் பளபளப்பு மாறியிருக்கும். இலக்கத்தின் அடிக்கோடு மற்ற மூன்று இலக்கங்களின் அடிக்கோட்டோடு சேராது. ஒட்டிய இலக்கமாக இருந்தால் அடியில் மெல்லிய பிளவுக்கோடு தெரியும். 1940-களின் நாணயத்தைத் திருத்தியிருந்தால் அடர்த்தி 9.5 என்று காட்டிக்கொடுத்துவிடும், ஏனெனில் உண்மையான 1939 ரூபாய் 91.7 வெள்ளியைச் சேர்ந்தது.

நாணயச்சாலை அடையாளங்களையும் இவ்வாறே பாருங்கள். கல்கத்தா நாணயங்களில் பெரும்பாலும் அடையாளம் இராது, சிலவற்றில் 'சி' எழுத்து இருக்கும். பம்பாய்க்கு 'பி' எழுத்தோ, சிறு புடைப்புப் புள்ளியோ உண்டு. 1943-இல் தொடங்கிய லாகூர் நாணயச்சாலைக்கு 'எல்' எழுத்து. எனவே 1920 என்ற ஆண்டில் 'எல்' எழுத்தைக் கண்டால் வேறு சோதனை வேண்டாம்.

அறிகுறி: நகைக்கடைக் கருவி 92 காட்டுகிறது, ஆனால் அடர்த்தி தேறவில்லை

எக்ஸ்-கதிர் கொண்டு மாற்றுப் பார்க்கும் கருவி நாணயத்தைச் சேதப்படுத்தாது. ஆனால் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும். தடிமனான வெள்ளி முலாம் அதை ஏமாற்றிவிடும். நெடுநாள் மண்ணில் கிடந்த உண்மையான நாணயத்தில் மேற்பரப்புச் செம்பு அரித்துப் போய் வெள்ளி மட்டும் எஞ்சுவதால், கருவி உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். இரண்டும் முரண்பட்டால் அடர்த்தியைத் திரும்ப அளந்து பாருங்கள். குமிழி இல்லாமல், நாணயம் குவளையைத் தொடாமல் அளந்தும் அதே எண் வந்தால், நான் அடர்த்தியின் பக்கமே நிற்பேன்.

அறிகுறி: எல்லாச் சோதனையிலும் தேறியும் ஐயம் நீங்கவில்லை

சேகரிப்பு மதிப்புக்காகவே நல்ல வெள்ளியில், சரியான எடையில், புதிய அச்சு செய்து அடித்த போலிகள் இருக்கின்றன. இவற்றை எடையும் அடர்த்தியும் ஓசையும் காட்டிக்கொடுக்கா. அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, அதே அச்சு வகை என்று உறுதியான ஒரு நாணயத்தின் தெளிவான படத்தோடு எழுத்தின் தடிப்பு, விளிம்பு மணிகளின் எண்ணிக்கை, இலக்கங்களின் வடிவம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு போன்ற இடங்களில் உண்மையான நாணயங்களை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது இதற்குப் பேருதவி.

ஒரே விற்பனையாளரிடம் ஒரே ஆண்டு நாணயங்கள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். புழக்கத்தில் பட்ட அடியும் கீறலும் ஒவ்வொரு நாணயத்துக்கும் வேறாக இருக்க வேண்டும். அரசரின் கன்னத்தில் உள்ள அதே கீறல், எழுத்தின் அருகே உள்ள அதே பள்ளம் இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் தெரிந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து எடுத்த நகல்கள்.

அதன் பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால், பணம் கொடுக்குமுன் இரசீதில் ஆண்டு, நாணயச்சாலை, எடை, 'போலி எனத் தெரிந்தால் திரும்பப் பெறப்படும்' என்ற வாசகம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். நாணயத்தின் இரு பக்கங்களையும் விளிம்பையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, சான்றளிக்கும் வல்லுநரிடம் அனுப்புங்கள். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. ஆகவே சான்றுக்கு அனுப்புவதும் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்தை விற்றுத் தருவதாகக் கட்டணமோ வரியோ முன்பணமோ கேட்டு யாரேனும் அழைத்தால் கொடுக்க வேண்டாம். தனக்கும் அத்தகைய விற்பனைக்கும் தொடர்பில்லை என்று அவ்வங்கி 2021-இல் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.